ஹெட்மாஸ்டருக்கு நான் போட்ட கடிதம்

1

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனபோது என் மேஜைமேல் ஒரு கடிதம் கிடந்தது. நூறு மைலுக்கு அப்பால் ஒரு சுரங்க ஊரிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். மற்றப் பெண்கள் கூட்டம் சேர்ந்துகொண்டு அவளைப் படுத்துகிறார்களாம். 'வகுப்பாசிரியர் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று முடித்திருந்தார்.

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரரிடம்கூடக் காட்டவில்லை. மத்தியானம் அந்தப் பெண் வராந்தாவில் போனபோது கூப்பிட்டு, "எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்டேன். "நன்றாக இருக்கிறேன், சார்" என்றாள். உலகத்தில் எந்தப் பாஷை பேசும் குழந்தையும் இந்தக் கேள்விக்கு இந்தப் பதிலைத்தான் சொல்கிறது. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் விடுதிப் பக்கம் ஒரு நடை போய் வருகிறேன். நான் எடுத்த நடவடிக்கை அந்த நடைதான். "தொப்பையைக் குறைக்கப் பார்க்கிறாயா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். தொப்பை இருப்பதால் நம்புகிறார்கள்.

ஜாம்பியாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. செம்பு தோண்டுகிற ஊர் ஒன்றில் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே, சித்தேரி மலைக்குப் போகும் பஸ் நின்று மூச்சு வாங்கும் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவர் நல்ல மனிதர். அதனால் வேண்டாம்.

கடிதத்தைச் சட்டைப்பையில் ஒளிக்கிற புத்தி எனக்கு எப்படி வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஒரு பொருளைக் கொடுத்தாலும் சரி, வாங்கினாலும் சரி, இரண்டு முழங்காலையும் மடக்கிக் கொஞ்சம் தாழ்வார்கள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வார்கள். நம் ஊரில் இரண்டு கையால் வாங்குகிறோமே, அது மாதிரி மரியாதை. நான் வந்த புதிதில், யாருக்கோ கால் வழுக்குகிறது என்று நினைத்துப் பிடிக்கப் போயிருக்கிறேன்.

என் மனைவி சரோஜாவும் மகள் கலாவதியும் எனக்குப் பின்னால் இங்கே வந்து சேர்ந்தார்கள். அப்போது கலாவுக்கு எட்டு வயது. இங்கேயே ஐந்து வருஷம் படித்தாள். கூடப் படித்த பிள்ளைகளைப் பார்த்து அவளுக்கும் முழங்கால் தானாக மடங்கப் பழகிவிட்டது. எனக்குத் தண்ணீர் கொடுத்தால் மடங்கும். கடைக்காரர் மிட்டாய் கொடுத்தால் மடங்கும். நான் பூரித்துப் போனேன். 'பார்த்தாயா, நம்ம வளர்ப்பு' என்று சரோஜாவிடம் பெருமையடித்தேன். "நம்ம வளர்ப்பா? இது அந்த வூட்டுக்காரங்க வளர்ப்பு" என்று அவள் பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

சரோஜாவுக்கு இந்த ஊர் மலேரியா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை படுத்து எழுந்தாள். கலாவுக்கோ தமிழ் எழுதச் சொன்னால் 'ழ'வைக் கண்டு அழுகை வந்தது. இப்படியே விட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற எல்லாத் தகப்பன்களின் கவலை எனக்கும் வந்தது. இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பினேன். கலா எங்கள் ஊர் ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். ஒப்பந்தப்படி எனக்கு லீவு கிடைக்க இன்னும் பத்து மாதம் இருந்தது. தனியாக மக்காச்சோள மாவைக் கிண்டிக் களி என்று பேர் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ராகிக் களி தின்று வளர்ந்த வாய்க்கு அது வெள்ளை அடித்த களி மாதிரி இருக்கும்.

இரண்டாம் மாதம் கலாவிடமிருந்து நீலநிற விமானக் கடிதம் வந்தது. மேலே எல்லாம் நலம். ஓரத்தில், மடிக்கிற இடத்தில், பொடி எழுத்தில் இப்படி:

'அப்பா, மொத நாளு டீச்சர்கிட்ட நோட்டு குடுக்கும்போது எனக்கு முட்டி மடங்கிடுச்சு. கிளாஸே சிரிச்சுது. டீச்சரும் சிரிச்சாங்க. இப்ப எல்லாரும் என்னப் பாத்தா முட்டி மடக்கறாங்க. ஜெயக்கொடின்னு ஒருத்தி சாக்பீஸ நீட்டி, மகாராணி வாங்கிக்கோ, முட்டி போட்டு வாங்கிக்கோன்னு சொல்றா. நான் மடக்கக் கூடாதுன்னு நெனச்சாலும் மடங்கிடுதுப்பா. ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னா அம்மா திட்டுது. நீங்க வாங்கப்பா.'

கடிதம் எழுதப்பட்டுப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. பதின்மூன்று நாளாக என் மகள் முட்டி மடக்கிக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு முக்கோணம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

3

மறுநாளே கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அவசர லீவு வேண்டும் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படிவத்தை எடுத்தார்.

"காரணம்?"

"என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தொந்தரவு."

"காய்ச்சலா?"

"இல்லை."

"விபத்து?"

"இல்லை. மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்."

அவர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். "இதில் மரணம் இருக்கிறது, கடும் நோய் இருக்கிறது. கேலி இல்லையே, மாஸ்டர்" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு ஆர்வம் தாங்காமல், "அப்படி என்ன கேலி செய்கிறார்கள்?" என்று கேட்டார்.

வாயால் சொல்ல வரவில்லை. என் ஆங்கிலம் கணக்குக்கு மட்டும் போதுமானது. அதனால் செய்தே காட்டினேன். நாற்பத்திரண்டு வயதில், தொப்பையோடு, இரண்டு முழங்காலையும் மடக்கி, முழங்கையைத் தாங்கிப்பிடித்து, இல்லாத சாக்பீஸ் ஒன்றை வாங்கிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை.

"இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? நல்ல வளர்ப்பு அல்லவா?" என்றார்.

 உங்கள் ஊர் மரியாதை எங்கள் ஊரில் சிரிப்பு என்று அந்த மனிதரிடம் சொல்வதா? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் எனக்கு 'கோமாளி வாத்தியார்' என்று பெயர். சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். அதனால் கலாவுக்கு முதலில் ஒரு தமாஷ் கடிதம் எழுதினேன். அவர்கள் முட்டி மடக்கினால் நீ ஆசீர்வாதம் பண்ணிவிடு என்று. தபாலில் போட்டபிறகு அதை நினைத்துப் பார்த்தேன். முப்பது பேர் சுற்றி நிற்க, பதின்மூன்று வயதுப் பெண் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவாளா? பண்ணினால்தான் என்ன ஆகும்? 

4

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் வெள்ளைக்காரச் சுரங்க எஞ்சினியர்கள் அவ்வப்போது புகார்க் கடிதம் எழுதுவார்கள். டைப் அடித்து, மூன்று பத்தி. முதல் பத்தியில் வணக்கம், இரண்டாவதில் குற்றம், மூன்றாவதில் மிரட்டல் மாதிரி தெரியாத மிரட்டல். அந்தக் கடிதம் வந்த மத்தியானமே காரியம் நடந்துவிடும். முதல்வர் கதவைச் சாத்திக்கொண்டு, சம்பந்தப்பட்ட இரண்டு பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுப் பேசுவார். வெளியே ஒரு வார்த்தை தெரியாது. எத்தனையோ தடவை அதைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு சக்தியா என்று.

பள்ளிக்கூட டைப்ரைட்டரைக் கேட்டு வாங்கி, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, அதே மாதிரி மூன்று பத்தி அடித்தேன், எங்கள் ஊர் ஹெட்மாஸ்டருக்கு. பழைய கடிதங்களிலிருந்து நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கினேன். 'தொடர்ந்த துன்புறுத்தல்' என்று எழுதினேன். 'உரிய நடவடிக்கை' என்று எழுதினேன். ஜெயக்கொடியின் பெயரைப் போட்டு, அவளை 'ரிங்லீடர்' என்று எழுதினேன், வம்புக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவள் என்று அர்த்தம். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கார்பன் வைத்து நகலும் எடுத்தேன். முடித்துவிட்டு இரண்டு முறை படித்தபோது, ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை தபாலில் போட்டேன். வியாழக்கிழமை சரோஜாவின் கடிதம் வந்தது.

5

அதை இப்போதும் வைத்திருக்கிறேன். சரோஜா பேசுகிற மாதிரியே எழுதுவாள். சுருக்கமாகச் சொன்னால் இது.

கலா பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மூன்றாவது நாளும் படுத்துக்கொண்டதும், சரோஜா ஜெயக்கொடி வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். ஜெயக்கொடியின் அப்பா மாதையன் புளி வியாபாரி ஒருவரிடம் மூட்டை வாங்கிவந்து, வீட்டோடு ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துக் கொடுக்கிறவர். சரோஜா சண்டைக்குப் போகவில்லை. போய்க் கூட உட்கார்ந்து ஒரு மணி நேரம் புளி தட்டியிருக்கிறாள்.

"எங்க புள்ளைக்கி வாய் நீளமுங்க, கை நீளாதுங்க" என்று ஜெயக்கொடியின் அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஜெயக்கொடி அங்கேயேதான் இருந்திருக்கிறாள். "இல்லீங்க அத்தை, அவ எனக்கே முட்டி மடக்குனா. நான் என்ன டீச்சரா? கிளாஸ் லீடரு. சாக்பீஸு குடுத்தேன், அதுக்குப் போயி மடக்குனா. சிரிப்பு வந்துருச்சு. அப்பறம் அவ மொவத்தப் பாத்தா இன்னும் சிரிப்பு வருது" என்றாளாம்.

"சிரிச்சது போவட்டும். அவளுக்கு அது தன்னால மடங்குது. நேரா நிக்க நீயே சொல்லிக்குடு" என்று சரோஜா சொல்லியிருக்கிறாள்.

அவ்வளவுதான். மறுநாள் முதல் அது ஜெயக்கொடியின் வேலை. கலாவுக்கு யார் எதைக் கொடுத்தாலும் ஜெயக்கொடி ஓடிவந்து பின்னால் நின்று, ஜடையைப் பிடித்து மேலே ஒரு இழு. "நேரா நில்லுடி!" மற்றப் பெண்கள் யாராவது முட்டி மடக்கிக் காட்டினால் அவளே அடிக்கப் போகிறாள். இப்போது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வருகிறார்கள், ஜெயக்கொடி கலாவைத் த்ரோபால் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டாள், பத்துக்கு ஆறு தரம் முட்டி மடங்குவதில்லை என்று சரோஜா எழுதியிருந்தாள். கடைசி வரி: 'நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம். ஒண்ணும் பண்ணவும் வேண்டாம்.'

படித்துவிட்டு ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டீ பாதி குடிக்கும்போதுதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

தபால் ஆபீசுக்கு ஓடினேன். போன பையைத் திருப்ப முடியாது என்றார்கள். தந்தி கொடுத்தேன், ஹெட்மாஸ்டர் பெயருக்கு. ஆங்கிலத்தில் நாலே வார்த்தை. கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம், எல்லாம் நலம் என்று அர்த்தம். கொடுத்துவிட்டு, பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன்.

கணக்கு வாத்தியார் ஒரு சின்னக் கணக்கைப் போடவில்லை. தந்தி இரண்டு நாளில் போய்விடும். கடிதம் போக இரண்டு வாரம் ஆகும்.

6

நம் ஊரில் தந்தி என்றால் சாவு. தந்திக்காரர் சைக்கிளைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியதுமே, ஹெட்மாஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அவருடைய அண்ணன் திருச்சியில் படுத்த படுக்கையாக இருந்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால், ஆப்பிரிக்காவிலிருந்து நான், கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிறேன். எந்தக் கடிதம்? கடிதமே வரவில்லையே!

அன்றிலிருந்து அவர் தினமும் தபால்காரரைக் கேட்க ஆரம்பித்தார். ஆசிரியர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். டீக்கடையிலும் கேட்டிருக்கிறார்கள். தந்தி அடித்துத் தடுக்கிற அளவுக்கு ஒரு கடிதம் என்றால் அதில் என்னதான் இருக்கும்? ஒன்பது நாள் ஊரே காத்திருந்தது. என் கடிதம், ஆனைப் படம் போட்ட தபால்தலையோடு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்து இறங்கியது.

மறுநாள் காலை பிரேயரில், வாழ்த்துப் பாட்டு முடிந்து, செய்திகள் வாசிக்கிற இடத்தில் ஹெட்மாஸ்டர் அதை வாசித்தார். முதலில் முழுவதும் ஆங்கிலத்தில். பிறகு வரி வரியாகத் தமிழில். நான் ஆசையாகப் போட்ட அந்த 'ரிங்லீடர்' அவர் தமிழில் 'கொள்ளைக்கூட்டத் தலைவி' ஆனது. ஜெயக்கொடியை மேடைக்குக் கூப்பிட்டார். ஐந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால், உள்ளங்கையில் ஆறு பிரம்படி. கலாவையும் மேடைக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு.

அடி விழும்போது ஜெயக்கொடி அழவில்லையாம். கலாதான் அழுதிருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி மாதையனுக்குப் போய்விட்டது. மறுநாள் ஜெயக்கொடி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

இதெல்லாம் எனக்குச் சரோஜாவின் கடிதத்தில் துண்டு துண்டாக வந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதிலிருந்தே எவ்வளவு கோபம் என்று தெரிந்தது. கலாவின் கடிதம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. நாலே வரி:

'அப்பா, இப்ப யாரும் என்னக் கேலி பண்றதில்ல. யாரும் என்கூடப் பேசறதும் இல்ல. ஜெயக்கொடி வர்றதில்ல. நீங்கதான எழுதினீங்க, நீங்களே அவள வரவெச்சுடுங்க.'

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பேனாவை எடுப்பேன், வைப்பேன். மாதையனுக்குக் கடிதம் எழுதலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார். இன்னொருத்தர் உரக்கப் படிக்க, இன்னொரு கூட்டம் கேட்கும். ஹெட்மாஸ்டருக்கு எழுதலாம். அதற்குப் பதில் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைக்கலாம். மகளுக்கு எழுதினேன், நலம், நலமறிய ஆவல் என்று. அவளும் அப்படியே எழுத ஆரம்பித்தாள். கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, ஓரத்தில் பொடி எழுத்து மட்டும் நின்றுவிட்டது. நீலக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மடிப்பு மடிப்பாகத் தேடியிருக்கிறேன்.

7

ஏழெட்டு மாதம் கழித்து லீவு வந்தது. பங்குனி வெயிலில் போய் இறங்கினேன். கலா என்னைவிட அரைச் சாண்தான் குள்ளம். தண்ணீர் கொண்டுவந்து நேராக நின்று கொடுத்தாள்.

மறுநாள் ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! லெட்டருன்னா அதுல்ல லெட்டரு! பத்தாவது பசங்களுக்கு மாடல் லெட்டருன்னு போர்டுல எழுதிப் போட்டுட்டேன். எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டானுங்க."

"நான் வேண்டாம்னு தந்தி அடிச்சேனே சார்."

"அதுதான் சார் உங்க பெருந்தன்மை! மனுசன் அங்க இருந்து தந்தி அடிச்சு, போவட்டும் விடுங்கங்கறாரு, நான் சும்மா வுட்டா என்னைய யாரு மதிப்பா?"

அவர் கண்ணில் பொய் இல்லை. எனக்காகச் செய்த உதவி அது. ஜெயக்கொடி திரும்ப வரலாமா என்று கேட்டேன். "தாராளமா வரட்டும்! நான் டீஸி கூடக் குடுக்கல. அவங்கப்பன்தான் அனுப்ப மாட்டேங்கறான். புத்திகெட்டவன்" என்றார்.

சாயங்காலம் மாதையன் வீட்டுக்குக் கிளம்பினேன். கலாவும் வருகிறேன் என்றாள். சரோஜா வாசலில் நின்று, "போயி, தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜோக்கு கீக்கு அடிச்சீங்க, அங்கயே இருந்துக்கங்க" என்றாள்.

பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். வீட்டுக்கு முன்னால் தென்னோலைப் பந்தல். பந்தல் முழுக்கப் புளி. மாதையன், அவர் மனைவி, ஜெயக்கொடி, மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாதையன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஐம்பது வயது மனிதர், நான் அவர் மகள் படிப்பைக் கெடுத்தவன். துண்டை எடுக்க வேண்டியவன் நான்.

"வாங்க வாத்தியாரய்யா. எப்பங்க வந்தீங்க? ஏ புள்ள, சாக்க விரி."

உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்குமா? "ஆப்பிரிக்காவுல சிங்கத்துக்குக்கூட இவ்வளவு பயப்படல, உங்க வூட்டுக்கு வரத்தான் பயந்தேன்" என்றேன். மாதையன் மரியாதைக்குச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகுதான் சொன்னேன். தப்பாகப் போய்விட்டது, நான் எழுதியிருக்கக் கூடாது, பிள்ளையைத் திரும்ப அனுப்புங்கள் என்று.

"அய்யோ, என்னாங்க நீங்க! படிச்சவங்க எழுதுனா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் மாதையன். "நம்ம புள்ளமேலயும் தப்பு. அதுக்கில்லீங்க. பொட்டபுள்ள பேரு வெளிநாட்டுக் காயிதத்துல வந்துருச்சு. மேடையில வெச்சு, கொள்ளைக்கூட்டம்னு படிச்சுட்டாங்க. போலீசு வருமோன்னு பத்து நாளு நான் மூட்டை வாங்கக்கூடப் போவலீங்க. இனிமேட்டு அந்தப் பக்கம் எப்படி அனுப்பறது? நாலு பேரு பொண்ணு கேக்க வரணுமில்லீங்களா?"

"போலீஸெல்லாம் ஒண்ணும் வராதுங்க."

"இப்பத் தெரியுதுங்க. அப்பத் தெரியலீங்களே."

கலா இதற்குள் எழுந்து போய்ப் புளிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெயக்கொடி தலையைத் தூக்காமலே அவளிடம் புளி தட்டுகிற கட்டை ஒன்றை நீட்டினாள். கலா வாங்கிக்கொண்டாள்.

"மடங்கல போலிருக்குதே" என்றாள் ஜெயக்கொடி.

"ம்."

"எத்தினி நாளாச்சு?"

"நீ ஸ்கூல வுட்டு நின்னப்பறம் யாரு ஜடையப் புடிச்சு இழுக்கறது? நானாத்தான் நின்னு பழகிட்டேன்."

"அப்படித் தட்டாதடி, நெகம் போயிரும். இப்படிச் சாய்ச்சுப் புடி."

யாரும் பேசுவதில்லை என்று எழுதிய என் மகள், கூடப் படித்த ஒரு பெண்ணோடு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மாதையன் தொண்டையைச் செருமினார். "வர்ற வைகாசியில கல்யாணம்ங்க."

"யாருக்கு?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"நம்ம புள்ளைக்குத்தானுங்க. பையன் அரூருல லாரிக் கிளீனரு. நல்ல பையன், பீடிகூடக் கெடையாது. பஸ் கம்பெனியில ஆளு எடுக்கறாங்களாம். இங்கிலீசுல மனுப் போட்டாத் தனி மதிப்பாம்ங்க." துண்டை மறுபடி கைமாற்றினார். "அய்யா ஒண்ணு எழுதிக் குடுத்தாத் தேவலீங்க. நீங்க எழுதுனா எடுபடும். உங்க காயிதத்தப் பாத்து ஹெட்மாஸ்டரே அசந்துட்டாருன்னு ஊரெல்லாம் பேசுச்சுங்களே."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

கலா தன் பையிலிருந்த நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். ஜெயக்கொடியிடம் கொடுக்கலாம் என்று இந்த வருஷத்து நோட்டுகளை எடுத்துவந்திருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் அவள் வெளியே எடுக்கவே இல்லை. நோட்டை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். பையன் பெயர், அப்பா பெயர், ஊர்.

"படிப்பு?" என்றேன்.

"எட்டாவது ஃபெயிலு" என்றாள் ஜெயக்கொடி, கையை நிறுத்தாமல்.

"ஃபெயிலுன்னு போட வேண்டாமுங்க" என்றார் மாதையன் அவசரமாக. "எட்டாவதுன்னு மட்டும் போடுங்க, போதும்."

"நான் எட்டாவது பாஸு" என்றாள் ஜெயக்கொடி. அவளை யாரும் கேட்கவில்லை.

"ஆமா, பாஸு. அந்தக் கூடைய இந்தப் பக்கம் தள்ளு" என்றாள் அவள் அம்மா.

ஜெயக்கொடி கூடையைத் தள்ளினாள். எட்டாவது என்று மட்டும் போட்டேன். பிறகு மூன்று பத்தியையும் எழுதி முடித்தேன். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகள் எல்லாவற்றையும் போட்டேன். மாதையன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கலா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிறுத்தம் தாண்டியது. அப்புறம் கேட்டாள்.

"அந்த மனுவ நல்லா எழுதினீங்களாப்பா?"

"நல்லாத்தான் எழுதினேன், கண்ணு."

"அதுதான் பயமா இருக்குது" என்றாள்.